பைப்பில் வைத்த பொட்டு

எண்பதுகளின் நடுவில், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் நடந்தது இது. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டு, வாஷர், பெல்ட்டு, பினாயில் எல்லாம் என்னைக் கேட்டுத்தான் உள்ளே வரும், வெளியே போகும். அந்த வேலை மனிதனை ஒரு மாதிரி ஆக்கிவிடும். ஒரு வாஷர் கேட்டு வருகிறவனைப் பார்த்தாலும், இவன் எதற்குக் கேட்கிறான் என்று மனசு மோப்பம் பிடிக்கும். யாராவது சிரித்தால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும். ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் பூட்டை மட்டும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். வீட்டுப் பூட்டை அல்ல, கனவில் வரும் ஸ்டோர் பூட்டை.

முதலில் அந்த மெஷினைச் சொல்லிவிடுகிறேன். பால்காரர்கள் பால் கொண்டுவரும் அலுமினியக் கேன்களைக் கழுவித் தரும் மெஷின் அது. நீளமான ஒரு தகரக் கூண்டு. அதன் வாயில் கேனைக் கவிழ்த்து வைத்தால், உள்ளே ஒரு சங்கிலி இழுத்துக்கொண்டு போகும். கூண்டின் பக்கவாட்டில், வெளியே, ஒரு பைப் ஓடும். அதில் சலவைச் சோடா கலந்த கொதிக்கிற தண்ணீர், பம்பு தள்ளுகிற வேகத்தில். பைப்பில் வரிசையாக நாசில்கள். தகரத்தில் போட்ட ஓட்டை வழியே மூக்கை மட்டும் உள்ளே நீட்டி, கேன்மேல் பீய்ச்சும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் ஒரு புயல் அடித்துக்கொண்டிருக்கும்.

கூண்டின் வாயில் நின்று கேன்களைக் கவிழ்த்து வைப்பது ஒரு அம்மாள். நெடுஞ்சாலைக்கு உள்ளடங்கிய ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். நாற்றுநடவு, களையெடுப்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குதல் என்று கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், மாதச் சம்பளம் என்று இங்கே வந்து சேர்ந்தார். வலது முழங்கையில் தோல் சுருங்கிய ஒரு தழும்பு. பைப் ஒருநாள் சுடுதண்ணீரைத் துப்பியதில் வந்தது. அந்தப் பைப்பின் கடைசி நாசில், அவர் நின்றால் அவர் முகத்துக்கு நேரே வரும்.

பழைய நாசில்கள் பைப்பில் பற்றவைத்த குட்டிக் குழாய்களில் திருகப்பட்டிருந்தன. சோடா உப்பு படிந்து, நாசிலும் குழாயும் ஒன்றாகவே ஆகிவிடும். ஒரு நாசில் அடைத்தால் சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். மெஷின் நிற்கும். கழுவாத கேன்கள் வரிசைகட்டும். பால்காரர்கள் கத்துவார்கள். எல்லோரும் காத்திருக்கலாம், பால் காத்திருக்காது.

நாசில்களைப் பைப்போடு பிணைக்கும் ஹோல்டரை மாற்றிவிடுவது என்று மேனேஜர் முடிவெடுத்தார். எந்த மாதிரி ஹோல்டர் என்று பார்த்து வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்று சாயங்காலமே சந்தேகம் நாலு திசையிலிருந்தும் கிளம்பிவிட்டது.

ஃபிட்டர் சொன்னார், மறுபடியும் பற்றவைத்துவிடலாம் என்று. விழுப்புரத்தில் அவருடைய மச்சான் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஆகவே அவர் சொன்னதை நான் நம்பவில்லை. கழற்றி மாட்டுகிற கிளாம்ப் ஹோல்டர்தான் சரி என்று எனக்குத் தோன்றியது. பைப்பை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் இரண்டு பாதிகள், இரண்டு போல்ட்டு. ஒரு பாதியில் குட்டையாக ஒரு கழுத்து. பைப்பில் போட்ட ஓட்டைக்குள் ரப்பர் வாஷரோடு அது உட்கார்ந்துகொள்ளும். நாசில் அடைத்தால் கையாலேயே திருகி எடுத்து ஊதிவிட்டு மாட்டலாம். ஆனால் அது கிடைப்பது திண்டிவனத்தில் ஒரே ஒரு கடையில். நான் திண்டிவனம் போகிறேன் என்றதும் ஃபிட்டரின் கண்ணில் ஒரு மின்னல்.

"திண்டிவனத்துல டிபன் பலமா இருக்கும் போல சார்?"

"டிபனுக்கா போறேன்?"

"நான் இன்னா கண்டேன். ஹார்டுவேர் கடைக்கி போறவங்க அரை வயிறா திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் கேனை டங்கென்று கவிழ்த்தார்.

"சார், நீங்க டிபன் துன்னுங்க, துன்னாத போங்க. எதை வோணா வாங்குங்க. என் மூஞ்சிக்கி நேரா இருக்கறத மட்டும் நல்லா பாத்து வாங்குங்க. இருக்கறது ஒரே மூஞ்சி."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் பஸ்ஸில் ஏறியும் கொண்டுபோனேன். ஜன்னல் கம்பியில் மழை ஒழுகிக்கொண்டு வந்தது. ஒரே மூஞ்சி, ஒரே மூஞ்சி என்று சக்கரம் சொல்லிக்கொண்டு வந்தது.

திண்டிவனத்துக் கடைக்காரர் சமணர். அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். மெலிந்த மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். நான் போன நேரம், பானைத் தண்ணீரைச் சொம்பின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டிக்கொண்டிருந்தார். ஒரு துளி சிந்தவில்லை. எனக்கு உடனே தோன்றியது: தண்ணீரையே இத்தனை வடிகட்டுகிற ஆள், வார்த்தையை வடிகட்டாமலா விடுவார்?

பிளாஸ்டிக், பித்தளை, வார்ப்பிரும்பு என்று மேஜைமேல் ஹோல்டர்களைப் பரப்பினார். நான் பித்தளையை எடுத்துப் பார்த்தேன். மஞ்சளாக, கனமாக, நகைபோல் இருந்தது.

"இன்னா தண்ணி சார் ஓடுது உங்க பைப்புல?"

"சோடா தண்ணி. கொதிக்கக் கொதிக்க."

"அப்ப பிளாஸ்டிக் நெனைக்கவே நெனைக்காதீங்க, இளகிடும். பித்தளையும் வேணாம், வெலதான் ஜாஸ்தி. சோடாவுக்கு வார்ப்பிரும்பே போதும்."

விலை கூடினதை வேண்டாம் என்கிற வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே சந்தேகம் கெட்டிப்பட்டது. வார்ப்பிரும்பு விற்காமல் தேங்கிக் கிடக்கிறதோ? காட்டுகிறது ஒன்று, அனுப்புகிறது ஒன்றா? ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். முகர்ந்துகூடப் பார்த்தேன். இரும்பு இரும்பு மணம்தான் வீசியது. அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பொறுமையையும் நான் ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டேன்.

மூட்டை கட்டும்போது சொன்னார்:

"ஒண்ணு மட்டும் சார். மாட்டறதுக்கு முன்ன பைப்பை நல்லா சுரண்டிடச் சொல்லுங்க. பெயிண்ட்டு கியிண்ட்டு ஒட்டிக்கினு இருக்கக் கூடாது. வெறும் இரும்பு தெரியணும். ஃபிட்டருகிட்ட மறக்காம சொல்லிடுங்க."

சொன்னேன். நிலையத்துக்கு வந்ததும் முதல் வேலையாக மேனேஜர், ஃபிட்டர் இருவரிடமும் சொன்னேன். ஃபிட்டர் கையைத் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா ஐயா? ஜாமான் வந்து எறங்கறதுக்கு முன்னயே சால்ஜாப்பு எறங்கிட்ச்சு! நாளைக்கி பிச்சிக்கினு வந்தா, 'நீ சுரண்டல, அதான்'னு நம்ம தலையில கட்டிட்டு போய்க்கினே இருப்பாரு."

மேனேஜர் பைப்பைத் தடவிப் பார்த்தார். ஆயுத பூஜைக்காக அப்போதுதான் வெள்ளி பெயிண்ட் அடித்து முடித்திருந்தது. எங்கள் நிலையத்தில் அது வழக்கம். வருஷா வருஷம் பூஜைக்கு முன்னால் எல்லாப் பைப்பும் பளபளவென்று ஆகவேண்டும். பழைய பெயிண்ட்டைச் சுரண்டுவதெல்லாம் கிடையாது. போன வருஷத்து வெள்ளிமேல் இந்த வருஷத்து வெள்ளி.

"கண்ணாடி மாதிரி அடிச்சு வச்சிருக்கான். இதைப் போய்ச் சுரண்டி, சொறி பிடிச்ச நாய் மாதிரி ஆக்கணுமா? பூஜைக்கு முதலாளி வேற வர்றாரு. மாட்டுய்யா, ஜல்தி."

ஃபிட்டர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. யாரும் சுரண்டவில்லை. அந்தக் கடைக்காரர் சொன்ன அத்தனையிலும் நாங்கள் மூன்று பேரும் ஒருமனதாகச் சந்தேகப்பட்டது அந்த ஒரே வாக்கியத்தைத்தான்.

பூஜை அன்று மெஷினுக்கு வாழைக்கன்று கட்டினார்கள். பொரி, கடலை, சுண்டல். முதலாளி வந்து கற்பூரம் காட்டிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தபிறகும் அந்த அம்மாள் மட்டும் பைப் அருகில் நின்று ஏதோ செய்துகொண்டிருந்தார். எனக்குத்தான் பார்வை சும்மா இருக்காதே. போய்ப் பார்த்தேன். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம். ஒவ்வொரு ஹோல்டருக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். சும்மா விரலால் தொட்டு வைப்பதில்லை. பைப்பில் கட்டைவிரலை ஊன்றி, அழுத்தி, ஹோல்டரின் மேல்வரை ஒரே இழுப்பு. கெட்டியாக, பெரிதாக, அம்மன் நெற்றியில் வைத்த மாதிரி.

"எதுக்கும்மா இவ்வளவு பெரிசா?"

"இனிமே இவன்தான சார் தெனமும் என் மூஞ்சிய பாத்துக்கினு நிக்கப் போறான். கொஞ்சம் குளிர வச்சிக்கினா நல்லது."

"இத்தனை குங்குமம் வச்சா துரு பிடிக்காதா?"

"உங்களுக்கு குங்குமத்து மேலயும் சந்தேகமா? நல்ல ஆளுதான் போங்க!"

பூஜை முடிந்த மறுநாளே மெஷின் ஓடத் தொடங்கியது. ஒரு நாசில் அடைத்தது. கையாலேயே கழற்றி, ஊதி, மாட்டினார்கள். மேனேஜர் என் முதுகில் தட்டினார். ஃபிட்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்கோ சந்தோஷம் வரவில்லை. எல்லாம் சரியாக நடக்கிறபோது வருகிற பயம் ஒன்று உண்டு, அது வந்துவிட்டது. தினமும் காலையில் பம்பு போட்டதும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பைப் ஓரமாக நடப்பேன். எங்காவது ஒழுகுகிறதா, வார்ப்பில் விரிசல் தெரிகிறதா, திண்டிவனத்துக்காரர் என்னை எந்த இடத்தில் ஏமாற்றியிருக்கிறார் என்று தேடுவேன். ஏமாற்றப்பட்டிருக்கிறேன் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

பூஜை போய், மழை வந்தது. அந்தக் காலை, பொட்டுகளைத்தான் முதலில் பார்த்தேன். வரிசையாகச் சிவப்பு. அதில் கடைசிப் பொட்டு மட்டும் என்னவோ போல் இருந்தது. குனிந்து பார்த்தேன். பைப்பில் இருந்த பாதியும் ஹோல்டரில் இருந்த பாதியும் ஒன்றோடொன்று சேரவில்லை. நடுவில் ஒரு கடுகு நுழையும் அளவு விலகல். காய்ந்த குங்குமம் கத்தியால் கீறினது போல் பிளந்திருந்தது. முந்தின நாள் முழுசாகப் பார்த்த முகம், இன்று வாய் கோணிக்கொண்டு நின்றது.

என் புத்தி எங்கே ஓடியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபிட்டரைக் கூப்பிட்டேன்.

"இந்த போல்ட்ட யாரு தொட்டது?"

"யாரு தொடப் போறா?"

"பொட்டு விலகியிருக்கு. யாரோ இளக்கி வச்சிருக்காங்க. கிளாம்ப் ஹோல்டர் உதவாது, வெல்டிங்தான் உசத்தின்னு காட்டறதுக்கு."

அவர் முகம் கறுத்தது.

"சார், மச்சான் பட்டறை வச்சிருக்கான்றதுக்காக நான் ஒரு பொம்பள மூஞ்சில சுடுதண்ணிய ஊத்துவன்னு சொல்றீங்களா? பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீங்க. அந்தம்மா குடுக்கற கூழக் குடிச்சிட்டுதான் நான் டெய்லி வேல செய்யறன், தெரியுமா?"

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் தண்ணீர் அறைகிற சத்தம். வெளியே பால் லாரி ஹாரன் அடித்தது. மேனேஜர் ஆபீஸ் வாசலிலிருந்து எங்களைப் பார்த்து, "என்னய்யா அங்க மாநாடு?" என்று கத்தினார். எனக்கும் ஃபிட்டருக்கும் நடுவில் சண்டை. எங்களுக்கு இரண்டடி தள்ளி, கூண்டின் வாயில், அந்த அம்மாள் கேன்களைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். கடைசி ஹோல்டர் அவர் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஃபிட்டர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. யாரும் தொடவில்லை என்றால், அது எப்படி நகர்ந்தது?

"அம்மா, கொஞ்சம் இப்படி வாங்களேன்" என்றேன்.

"கேன் நிக்குதுல்ல சார்."

"நிக்கட்டும். உங்க பொட்டு கோணலா இருக்கு."

கையிலிருந்த கேனை அப்படியே கீழே வைத்தார். புருவத்தைத் தூக்கினார்.

"இன்னா சொன்னீங்க? நான் வச்ச பொட்டு கோணலா? எங்க ஊரு தேருக்கு மஞ்ச குங்குமம் நான்தான் சார் வைக்கறன் வருஷா வருஷம். எங்க காட்டுங்க, எது கோணல்?"

இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, கூண்டைச் சுற்றிக்கொண்டு, என் பக்கம் வந்தார். சண்டைக்கு வருகிற நடை. என் அருகில் வந்து முகத்தை நீட்டிப் பார்த்தார். ஃபிட்டரும் குனிந்தார். நான் விரலை நீட்டினேன். விரல் நீண்டிருக்கும்போதே அந்தப் பிளவு இன்னும் அகன்றது. எங்கள் கண்ணெதிரே, சிவப்பின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று விட்டுப் போயின.

குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பக்கவாட்டில் விசிறி அடிக்குமே, அப்படித்தான் அடித்தது. ஹோல்டர் தூக்கிக்கொண்டு சாய்ந்தது. கொதிக்கிற சோடா தண்ணீர் பைப் ஓரமாகவே, ஒரு வெள்ளைத் தகடுபோல், கூண்டின் வாய்க்கு நேராகப் பாய்ந்து, சற்று முன்வரை ஒரு முகம் இருந்த இடத்தைக் கடந்து, எதிர்ச் சுவரில் போய் அறைந்தது. சுவரின் சுண்ணாம்பு கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. ஆவியில் ஒன்றும் தெரியவில்லை. ஃபிட்டர் பாய்ந்து பம்பை நிறுத்தினார்.

பிறகு வந்த அமைதியில் வெளியே மழை பெய்வது கேட்டது. சுவரில் உதிர்ந்த இடம் ஈரமாக, அவர் உயரத்துக்கே இருந்தது. அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். கன்னம், நெற்றி, இமை. ஒன்றொன்றாக, அங்கேதான் இருக்கிறதா என்று.

"சார்," என்றார், "நான் கோணலாத்தான் வச்சனா?"

"இல்லைம்மா. நேராத்தான் வச்சீங்க. அது நேரா இருந்ததாலதான் தெரிஞ்சது."

ஃபிட்டர் கிளாம்பைக் கழற்றினார். போல்ட்டு முறுக்கு அப்படியே இருந்தது. யாரும் இளக்கவில்லை. ஹோல்டரில் விரிசல் இல்லை, வார்ப்பில் குறை இல்லை. ஆனால் அது பிடித்திருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்ததும், விரல் வழுக்கியது. வாஷர் ஓரத்தில் கசிந்த சோடா, அடியிலிருந்த வெள்ளி பெயிண்ட்டைக் கரைத்து, மை மாதிரி ஆக்கியிருந்தது. கிளாம்ப் அணைத்துப் பிடித்திருந்தது பைப்பை அல்ல, வருஷ வருஷமாக அடித்த எங்கள் பூஜைப் பளபளப்பை. அது கரைந்ததும் பிடி விட்டுப்போனது.

ஃபிட்டர் வெள்ளி படிந்த விரலைக் காக்கி டிரவுசரில் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஓடிவந்திருந்த மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார். வெறும் இரும்பு தெரியணும் என்று ஒருவர் சொல்லியனுப்பியது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

அன்று லாரி காத்திருந்தது. பைப்பின் பெயிண்ட் முழுவதையும் சுரண்டினார்கள். சொறி பிடித்த நாய் மாதிரிதான் ஆயிற்று. அதே ஹோல்டர்கள், அதே போல்ட்டுகள். நான் அங்கே இருந்தவரை அவை அசையவே இல்லை. மாட்டி முடித்ததும் அந்த அம்மாள் கிண்ணத்தோடு வந்துவிட்டார். மேனேஜர் தானாகவே நகர்ந்து வழிவிட்டார்.

"இந்த தபாவும் நேராத்தான் வைக்கறன். எல்லாரும் கிட்ட வந்து பாத்துக்கங்க. அப்பறம் கோணல்னு சொல்லப்படாது."

அடுத்த வாரம் திண்டிவனம் போனேன். கடைக்குள் நுழைந்ததும் அந்த மெலிந்த மனிதரின் முகத்தில், நான் நன்றாக அறிந்த ஒன்றைக் கண்டேன். சந்தேகம்.

"வித்த ஜாமான திருப்பி எடுத்துக்கற வழக்கம் இல்ல சார்."

"திருப்ப வரலைங்க. ஒரு ஹோல்டர் பிடுங்கிக்கிச்சு. பெயிண்ட்டைச் சுரண்டாம மாட்டிட்டோம்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "யாரு மேலயாவது பட்டுச்சா?"

"இல்லைங்க. நூலிழையில தப்பிச்சாங்க."

அப்படியே உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சொம்பிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். துணியில் வடிந்த தண்ணீர். குடித்தேன். தண்ணீருக்கு ருசி உண்டு என்பது அன்று தெரிந்தது.

ஒரு சந்தேகம் அந்த அம்மாளின் முகத்தைப் பறிக்கப் பார்த்தது. ஒரு சந்தேகம் அதைக் காப்பாற்றியது. இரண்டும் எனக்குள் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பின. ஒன்று மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்னொன்று ஒரு பொட்டைப் பார்த்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இதை யோசித்து யோசித்து நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் கேஸ் சிலிண்டர் ரப்பர் குழாய் சேரும் இடத்தில், தண்ணீர்த் தொட்டிக் குழாய் மூட்டில், சைக்கிள் ஹேண்டில் கழுத்தில், கட்டைவிரலை ஊன்றி ஒரே இழுப்பாகக் குங்குமம் வைக்கிறேன். காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கிறேன்.

இந்த வயதில் எனக்குப் பக்தி வந்துவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை, ஏனென்றால் ஒரு முகம் நிற்கப்போகிற இடத்துக்கு முன்னால் தினமும் குனிந்து பார்த்துவிட்டு வருவதற்கு வேறென்ன பெயர் வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.